செண்பகத்தோப்பில் எரிந்த கோட்டுகள்

என் கணவரின் அண்ணனை நான் பத்து வருடத்துக்கு மேல் வெறுத்தேன். ராஜபாளையத்தில் ஒரே வீட்டில் மாடியில் நாங்களும் கீழே அவருமாக இருந்துகொண்டு, கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கறிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டு, பிறகு அவருடைய பேத்திகளுக்குக் கவுன் தைத்துக் கொடுத்துக்கொண்டு வெறுத்தேன். காரணத்தைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். ஏழு பழைய துணிகள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்கள் எப்போதோ போட்டுக் கழற்றிய உடுப்புகள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். அந்த வேலைக்கான பயிற்சியைப் புதுச்சேரியில் ஒரு கன்னியர் மடத்தில் தங்கி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் கூட்டமாகக் கடைத்தெருவுக்குப் போவோம். நடைபாதையில் பழைய சாமான் விற்பார்கள். ஒருநாள் உடைந்த கடிகாரங்களுக்கும் பீங்கான் தட்டுகளுக்கும் நடுவில் கருநீலத்தில் ஒரு குட்டைக் கோட்டு கிடந்தது. பித்தளைப் பொத்தான்கள் ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம். மற்றவர்கள் பொத்தானைப் பார்த்தார்கள். நான் கோட்டை உட்புறமாகத் திருப்பினேன்.

அதுவரை நான் கோட்டு என்று தைத்துப் பழகியதெல்லாம் வெளியே அழகும் உள்ளே அவலமுமாக இருந்தவை. இது உள்ளேயும் அழகாக இருந்தது. கழுத்துப்பட்டைக்குள் கேன்வாஸ் துணியைக் கம்பளியோடு சேர்த்துப் பிடித்திருந்த கைத்தையல், ஒரே அளவு, ஒரே சாய்வு, நூறு பெண்கள் உட்கார்ந்து ஒருத்தி தைத்த மாதிரி. விலாப்பக்கத்தில் மட்டும் வேறு நூல். கிழிந்ததை யாரோ ஒரு பட்டாளத்துக்காரன் தானே ஒட்டுப்போட்டிருக்கிறான். அவனுக்குத் தைக்கத் தெரியவில்லை. ஊசியைக் குத்திக் குத்தி இழுத்திருக்கிறான். அந்த நாலு அங்குலக் கோணல் தையலைப் பார்த்ததும் எனக்கு அந்த ஆளையே பார்த்த மாதிரி இருந்தது. பேரம் பேசாமல் வாங்கினேன்.

அப்படி ஆரம்பித்தது. கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த பிறகும் விடவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் போவேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை அங்கே சொல்தா என்பார்கள். அந்த சொல்தாக்களின் வீடுகளைத் தேடிப் போய்ப் பரண்களில் இருப்பதைக் கேட்பேன். வெள்ளை டிரில் துணிச் சட்டை ஒன்று கிடைத்தது. மஞ்சிட்டி வேரில் சாயம் ஏற்றிய சிவப்புக் கால்சட்டை ஒன்று, நூறு வயதாகியும் நிறம் போகாதது. சில சமயம் தூரம் போகவே வேண்டியிருக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடக உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு பீரங்கிப் படைக் கோட்டு, திருவிழா நாடகங்களில் தளபதி வேஷத்துக்கு என்று, ஜிகினா ஒட்டிக்கிடந்தது. கடைக்காரருக்கு நான் புதிதாக மூன்று தளபதிக் கோட்டுகள் தைத்துக் கொடுத்துவிட்டு அதை எடுத்து வந்தேன். ஜிகினாவைப் பிரிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

எல்லாவற்றிலும் எனக்கு உயிர் காரைக்காலில் கிடைத்த வெளிர்நீல நெடுங்கோட்டு. முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பியவருடையது. எண்பது வயது தாண்டிய அவருடைய மனைவி அதை ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். என் கையில் தரும்போது சொன்னார்:

"பாத்துக்க. தடவிக்க. யாரும் போட்டு மட்டும் பாக்கக் கூடாது. அதுக்குள்ள அவரு ஒடம்பு இருக்கு."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். பத்து வருடத்தில் நான்கூட அதில் கை நுழைத்ததில்லை.

ஏழும் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டியில் இருந்தன. வேப்பிலையும் வசம்பும் போட்டு, மாசி மாதம் மாடியில் காயவைப்பேன். என் கணவர் நூற்பாலையில் ஃபிட்டர். அவருக்கு இது எதுவும் புரியாது என்றாலும் கொடியில் விரிக்கும்போது கூடமாட நின்று பிடிப்பார். அவருடைய அண்ணன், நான் பெரியத்தான் என்று கூப்பிடுகிறவர், கீழே இருந்து அண்ணாந்து பார்த்துச் சத்தம் போடுவார்.

"ஏலே, செத்தவன் சட்டையெல்லாம் வீட்டு மேல காயுதே, நல்லாவா இருக்கு?"

பெரியத்தானுக்கு மில்களுக்குப் பெல்ட்டும் பேரிங்கும் விற்கிற கடை. ஊரில் நாலு பேர் நடுவில் நிற்க வேண்டும் அவருக்கு. மாதா கோயில் திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் நடப்பார், வட்டார வாலிபால் போட்டியில் கோப்பை கொடுப்பார், யாராவது போட்டோ எடுத்தால் நடுவில் வந்து நிற்பார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. என் பிரசவத்தின்போது ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் நின்றவர் அவர்தான். அடுத்தவருடைய பொருள் அடுத்தவருடையது என்பது மட்டும் அவருடைய மண்டையில் ஏறாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சினிமாக் கம்பெனி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மலையை ஒட்டிய செண்பகத்தோப்பில் வந்து இறங்கியது. வெள்ளைக்காரப் பட்டாளத்தை எதிர்த்து மலையடிவாரத்து ஜனங்கள் சண்டை போடுகிற கதை. அந்தச் சமயம் என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் மதுரையில் பன்னிரண்டு நாள் இருந்தேன்.

திரும்பி வந்த அன்று பையைக்கூட வைக்கவில்லை, டிரங்குப் பெட்டி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்டேன். தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை.

என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன் சாவி கேட்டாரு. ரெண்டு நாள்ல தந்துருவேன்னாரு. குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"சினிமாக்காரங்களுக்கு. பட்டாளத்து டிரெஸ் பத்தலையாம். நம்மட்ட இருக்குன்னு அண்ணன் சொன்னதும் அவருக்கும் ஒரு வேஷம் தாரேன்னுட்டாங்களாம்."

கீழே இறங்கிப் போனேன். பெரியத்தான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா, வா. ஒன் கோட்டாலதான் எனக்கு சான்ஸு. வெள்ளைக்காரக் கேப்டன் வேசம். கத்தியத் தூக்கி 'அட்டாக்'னு ஒரு டயலாக் வேற."

"கோட்டெல்லாம் எங்க அத்தான்?"

உள்ளே போய் ஒன்றே ஒன்றை எடுத்து வந்து நாற்காலியில் போட்டார். எனக்கு அது எது என்று முதலில் தெரியவில்லை. சிவப்பாக இருந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் என்றால் சிவப்புத்தானே என்று பெயிண்ட் அடிக்கிற பம்பால் அடித்திருக்கிறார்கள். கம்பளி விறைத்துப்போய்த் தகரம் மாதிரி நின்றது. பெயிண்ட் உரிந்த ஒரு இடத்தில் அந்த வெளிர்நீலம் தெரிந்தது. காரைக்கால் அம்மாவின் கோட்டு. பெரியத்தானுடைய வயிறு அதற்குள் நுழையாததால் முதுகை மேலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டித் திறந்து, உள்பக்கம் ஊக்குக் குத்தியிருந்தார்கள். ஊக்குகள் அப்படியே இருந்தன.

"மத்த ஆறும்?"

"அதெல்லாம் சீன்ல எரிஞ்சு போச்சும்மா. வைக்கோல் திணிச்சு ஆளு மாரி நிப்பாட்டி, கூடாரத்தோட சேத்துத் தீ வச்சாங்க பாரு, நெசப் பட்டாளம் எரியுற மாரியே இருந்துச்சு. டைரக்டரே கை தட்டுனாரு."

அழுதேன் என்று நினைக்கிறேன். அவருக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது.

"இதுக்குப் போயி இம்புட்டு அழுகையா? செத்தவன் சட்டை, பொட்டிக்குள்ள கெடந்து மக்குறதுக்கு சினிமாவுல வந்தா எம்புட்டுப் பெருமை! துணி நான் எடுத்துத் தாரேன், ஏழு கோட்டு புதுசா தச்சுக்க. ஒனக்குத்தான் தைக்கத் தெரியுமே."

மறுநாள் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுச் செண்பகத்தோப்புக்குப் போனேன். சினிமாக்காரர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். வனத்துறைக் காவலர் ஒருவர் இடத்தைக் காட்டினார். ஓடைக்கரையில் கரிந்த மூங்கில்களும் கொஞ்சம் சாம்பலும். கம்பளி லேசில் எரியாது. நிறைய மண்ணெண்ணெய் ஊற்றித்தான் எரித்திருக்க வேண்டும், மண்ணெல்லாம் வாடை. நான் உட்கார்ந்து சாம்பலைக் கையால் கிளற ஆரம்பித்தேன். காவலர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா தேடுதீக? தங்கம் எதுவும் தவறிட்டா?"

"பொத்தான்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக உட்கார்ந்து அவரும் கிளறினார். மத்தியானத்துக்குள் இருபத்திமூன்று கிடைத்தன. கறுத்துப்போய், சிலது நசுங்கி. கருநீலக் கோட்டின் விலாவில் அந்தப் பட்டாளத்துக்காரன் போட்ட கோணல் தையல் இந்தச் சாம்பலில் எங்கே இருக்கும் என்று யோசித்தேன். அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்தேன், இதை விடமாட்டேன் என்று. எப்படி என்று தெரியவில்லை. ஆனால் அவருக்கு எது உயிரோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

எது உயிர் என்பதை அவரே அடுத்த ஒரு வருடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கடையில் கல்லாவுக்கு மேலே, ஒட்டுமீசையும் சிவப்புக் கோட்டுமாக அவர் கதாநாயகனின் தோளில் கைபோட்டு நிற்கிற போட்டோ பெரிதாக மாட்டப்பட்டது. பேரிங் வாங்க வருகிறவர்களெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் "கேப்டன்" என்று கூப்பிடுவார்கள். காது கேட்காத மாதிரி இரண்டாம் தடவை கூப்பிட வைப்பார். மகளுக்குச் சிவகாசியில் சம்பந்தம் பேசப் போனபோதும் முதல் பேச்சு அதுதானாம். அந்த ஒரு வருடமும் நான் அந்த நெடுங்கோட்டைத் தைக்கவில்லை. வெட்டிய முதுகோடு ஊக்கோடு அப்படியே கட்டிலுக்கு எதிரே ஆணியில் மாட்டியிருந்தேன். என் கணவர் எடுத்துவிடச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

படம் வெளிவந்தது. மதுரையில் ஒரு வாரம்கூட ஓடாமல் எடுத்துவிட்டார்கள். பிறகு அந்தப் பிலிம் பெட்டி ராஜபாளையத்துக்கு வந்தது. பெரியத்தான் முதல் நாளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்துக்கு பால்கனி முழுக்கச் சொல்லிவைத்தார். பங்குச் சாமியார், மில் ஆபீசர்கள், சிவகாசிச் சம்பந்தி வீட்டார், கடைக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்பு. அதுவரைக்கும் வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது, எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று கட்டளை.

நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே போனேன். பள்ளியில் அரை நாள் லீவு. தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம், அதிலும் பாதி தூக்கம். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது.

முதலில் புகை. புகைக்குள்ளிருந்து பெரியத்தான் வந்து வாளைத் தூக்கினார். 'அட்டாக்' என்று வேறு யாருடைய குரலிலோ கத்தினார். பிறகு தீ. வரிசையாக ஆறு ஆட்கள் நின்று எரிந்தார்கள். பெயிண்ட் அடித்திருந்தாலும் எனக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. இடது ஓரத்தில் வெள்ளை டிரில், அதுதான் முதலில் பற்றிக்கொண்டது, பருத்தி இல்லையா. நடுவில் பீரங்கிப் படைக் கோட்டு, தோள் எடுப்பை வைத்து அடையாளம் கண்டேன். ஒரு வைக்கோல் ஆளுக்குச் சிவப்புக் கால்சட்டையைத் தலைகீழாகக் கழுத்தில் சுற்றியிருந்தார்கள். கருநீலக் கோட்டு கடைசிவரை விழவில்லை. ஒரு கை எரிந்து விழுந்த பிறகும் மற்றக் கையோடு நின்றது. பின்வரிசையில் யாரோ வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்தான்.

ஆட்டம் முடிந்ததும் மாடி ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனேன். அந்த ஆபரேட்டரின் மனைவி என்னிடம் தையல் கற்றவள். அவர் ஆறு மாதம் காலொடிந்து படுத்திருந்தபோது வீடு ஓடியது அவள் மிஷினில்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். எதுவும் மறைக்கவில்லை.

அவர் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார்.

"மொத்தம் அரை நிமிசம் வருமா டீச்சர்?"

"இருக்கும்."

"அப்ப நாப்பத்தஞ்சு அடி. இது ஒரு மேட்டரா? படம் நீளம்னு நாங்களே ஒவ்வொரு ஊர்லயும் வெட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். பாட்டுக்கு முன்னாடி சேத்து ஒட்டிருதேன். யாருக்கும் தெரியாது."

"இதே பெட்டிதான் அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சங்கரன்கோவிலுக்கும் போகுமா?"

"இந்தப் பக்கத்துக்கே இது ஒண்ணுதான்."

"அப்ப வெட்டுனத எங்கிட்ட குடுத்துருங்க. திருப்பி ஒட்டவே கூடாது."

சனிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே சுருட்டி வைத்த பிலிம். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பெரியத்தான், கட்டம் கட்டமாக என் கோட்டுகள். எனக்கு அவற்றின் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, எடுக்க வேண்டும் என்று அதுவரை தோன்றியதே இல்லை. துணி வெட்டுகிற கத்தரியால் அவர் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டி அடுப்பில் போட்டேன். சுருண்டு, உருகி, நாறியது. மிச்சத்தை வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியத்தான் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு பால்கனி வாசலில் நின்று எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இன்னிக்கு ஒன் கோட்டும் வருது, பாத்துக்க," என்றார். நான் சிரித்தேன். அவருக்கு இரண்டு வரிசை பின்னால், அவருடைய முகம் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி ஒரு சீட்டில் உட்கார்ந்தேன். படத்தை நான் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தேன்.

இடைவேளை முடிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தா, இப்ப வருது," என்று சாமியாரிடம் சொன்னார். திரையில் காடு. குதிரைகள். கொஞ்சம் புகை. படம் ஒரு சின்னக் குதி குதித்தது, அவ்வளவுதான், உடனே அருவியில் கதாநாயகி பாட ஆரம்பித்தாள்.

பெரியத்தான் புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். "இதுக்குப் பொறவு வரும்போல," என்றார். பாட்டு முடிந்தது. கதாநாயகனுடைய அம்மா செத்தாள். வரவில்லை. கடைசியில் வணக்கம் போட்டு விளக்கைப் போட்டார்கள். பால்கனியில் யாரும் எழுந்திருக்கவில்லை, எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் எழுந்து ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏலே! என் சீன் எங்கலே?"

ஆபரேட்டர் சின்னச் சதுர ஓட்டையில் முகத்தை வைத்து, "கம்பெனியில இருந்து வந்தது இம்புட்டுத்தான் அண்ணாச்சி. அங்கயே வெட்டிருப்பாக," என்றார்.

சம்பந்தி வீட்டில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மில் ஆபீசர் ஒருவர், "பரவால்ல, சினிமாவுல இதெல்லாம் சகஜந்தான்," என்றார். அந்த ஆறுதல்தான் பெரியத்தானை அதிகம் குத்தியது என்று நினைக்கிறேன். சுற்றிலும் பார்த்தவரின் கண் என்மேல் விழுந்தது.

"நீ வெள்ளிக்கெழமையே பாத்தேல்ல? தியேட்டர் வாசல்ல ஒன்னப் பாத்ததா நம்ம கடைப்பய சொன்னான். நீ சொல்லும்மா. நான் வந்தேன்ல?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அந்த ஒரு நிமிடத்தை நான் திட்டம் போட்டிருக்கவில்லை. அது தானாக என் மடியில் வந்து விழுந்தது.

"பாத்தேன் அத்தான்," என்றேன். "நீங்க வரலையே."

அவர் உட்கார்ந்துவிட்டார். சாமியார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி ஒரு சுகம். பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அந்தச் சுகம் நினைவில் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டிக்குப் பின்னாலேயே போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தார், சங்கரன்கோவிலில் பார்த்தார். கம்பெனிக்குக் கடிதம் போட்டார், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் முப்பது பேர் ஊரில் எங்கோ இருந்திருப்பார்கள். புகைக்குள் ஒரு தடித்த ஆள் வாளைத் தூக்கியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். கேப்டன் என்று கூப்பிட்டவர்கள் "கட் கேப்டன்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்லாவுக்கு மேலிருந்த போட்டோ ஒருநாள் காணாமல் போய் அந்த இடத்தில் காலண்டர் வந்தது. போட்டோக்களில் நடுவில் வந்து நிற்பதையும் விட்டுவிட்டார்.

நானும் விடவில்லை. விசேஷ வீடுகளில் நாலு பேர் இருக்கும்போது, "அத்தான், கம்பெனியில இருந்து எதுவும் எழுதுனாங்களா?" என்று அக்கறையாகக் கேட்பேன். அவர் முகம் சுண்டுவதைப் பார்த்துவிட்டுப் பரிமாறப் போய்விடுவேன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்டிருப்பேன். என் கணவர் ஒருநாள் பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார். சாவி கொடுத்தவர் அவர். கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் டிவி வந்துவிட்டது. ஓடாத படங்களையெல்லாம் மத்தியானத்தில் போட்டார்கள். பெரியத்தான் அப்போது நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டோடு இருந்தார். ஒரு சனிக்கிழமை அவருடைய மருமகள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள்.

"அத்தை, மாமா எல்லாரையும் வரச் சொல்லுதாவ. அந்தப் படம் ஓடுது!"

நானும் கணவரும் போனோம். தெருவில் பாதிப் பேர் கூடத்தில் இருந்தார்கள். பெரியத்தான் நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். காடு வந்தது, குதிரைகள் வந்தன, புகை வந்தது. படம் குதிக்கவில்லை. புகைக்குள்ளிருந்து அவர் வந்தார். வாளைத் தூக்கினார். அந்தச் சின்னப் பெட்டியிலும் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பேத்திகள் கத்தினார்கள். பின்னால் என் கோட்டுகள் மறுபடியும் எரிந்தன. அதை என் ஒருத்தியைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பெரியத்தான் அழுதார். துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு என்னைத் தேடித் திரும்பினார்.

"நீ வரலைன்னு சொன்னியேம்மா. அத்தன பேர் முன்னாடி."

அவருக்கு ஞாபகம் இருந்தது. பத்து வருடமாக அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தத் தீயை அப்போதுதான் மறுபடி பார்த்திருந்தேன்.

"வந்தீக அத்தான். நான்தான் வெட்டச் சொன்னேன்."

டிவியில் கதாநாயகி அருவியில் பாடிக்கொண்டிருந்தாள். யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"எதுக்கு?" என்றார்.

எதுக்கு என்று அவர் கேட்டது நடிப்பில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நான் கையை நீட்டித் திரையைக் காட்டினேன், அதற்குள் அங்கே தண்ணீர்தான் இருந்தது.

"எங் கோட்டு. ஆறு எரிச்சீக. ஒண்ண வெட்டுனீக."

அவர் என்னையே பார்த்தார். நெற்றி சுருங்கியது. தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தவர் போல, "அந்தப் பழந்துணிக்கா?" என்றார்.

"அந்தப் பழந்துணிக்குத்தான்."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. "நானும் பத்து வருசமா, டைரக்டருக்கு என் மூஞ்சி பிடிக்காம வெட்டிட்டான்னுல்ல மருகிட்டுக் கெடந்தேன்," என்றார் பக்கத்து வீட்டுக்காரரிடம். "மூஞ்சி நல்லாத்தான் இருந்துருக்கு! இவதான் வெட்டிருக்கா! பாத்தீகளா, வீட்டுக்குள்ளயே எதிரி!" எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "அப்படியும் ஒரு பொம்பளைக்கு வன்மம் உண்டா? அவிய எம்புட்டுத் தங்கமான மனுசர்," என்றாள். மருமகள் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். எனக்கும் கொடுத்தாள், கண்ணைப் பார்க்காமல்.

மாடிப்படி ஏறும்போது என் கணவர் முன்னால் போனார். பாதியில் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"ஏட்டி, ஏன் சொன்னே?"

"யார் செஞ்சதுன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"தெரியாம இருந்தப்பதான் அவருக்கு வலிச்சுது," என்றார்.

அவர் சொன்னது சரி. அந்த உண்மையை என் வாயால் சொல்லி, பத்து வருடமாக அவருடைய நெஞ்சில் நான் வைத்திருந்த முள்ளை நானே பிடுங்கி எறிந்துவிட்டேன். அவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார், சந்தோஷமாக இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். கதையில் கோட்டுகள் வருவதே இல்லை. அரை நிமிட சினிமா, பொறாமை பிடித்த தம்பி பெண்டாட்டி, கடைசியில் ஜெயித்த ஒரு மனிதர், அவ்வளவுதான். காரைக்கால் அம்மாவின் பேச்சோ, நான் சாம்பலில் உட்கார்ந்ததோ அதில் கிடையாது.

வெட்டச் சொன்னதற்காக நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததில்லை, செய்யப் போவதுமில்லை. பொய் சொன்னதற்கும் அப்படித்தான். எனக்கு இருக்கிற ஒரே வருத்தம் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வாயைத் திறந்தது. அன்றைக்குக் கீழே சிரிப்புச் சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் மாடியில் ஜன்னலைச் சாத்திவிட்டு, திங்கட்கிழமை பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய காலர் மாதிரியை வெட்ட உட்கார்ந்தேன். கோடு கோணிக்கொண்டே போனது.